முதலில் கிழமை, பிறகு விதை: தெருத் தோட்டமும் தெருச் சந்தையும் தொடங்குவோருக்கு

எங்கள் முதல் சந்தைக்கு நாற்பத்திரண்டு கட்டு சிறுகீரை கொண்டுபோனோம். ஏழு கட்டு விற்றது. கீரையில் குறை இல்லை. பறித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தளதளப்பான கீரை. குறை நாங்கள் கடை போட்ட நேரத்தில் இருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி. இரவில் கீரை சமைக்கும் வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. மறுநாள் ஞாயிறு, முக்கால்வாசி வீடுகளில் மீனும் கறியும். திங்கட்கிழமை வரை சிறுகீரை தாங்குமா?

இதை எங்களுக்கு விளக்கியவர், அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாகக் கூடையில் கீரை விற்கும் அம்மா. எங்கள் மேசைக்கு எதிரே வந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “சாயங்காலம் யார் தம்பி கீரை வாங்குவார்கள்?” என்று கேட்டார். கேலி பாதி, கவலை பாதி. கவலைக்கும் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாம்பரத்துக்கு அருகே ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) காலி மனையில் பன்னிரண்டு குடும்பங்களாகப் பயிர் செய்து, வாரம் ஒரு நாள் அதன் வாசலிலேயே விற்கிறோம். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “என்ன விதைக்கலாம்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, “என்றைக்கு விற்கப் போகிறீர்கள்?” வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிடுவோருக்கு இந்தக் கேள்வி வேண்டாம். பத்துக் குடும்பம் சேர்ந்து பயிரிட்டால் ஒரே வாரத்தில் இருபது கிலோ கத்தரிக்காய் வந்து நிற்கும். அடுத்த மூன்று வாரம் ஒன்றும் இருக்காது. பல கூட்டுத் தோட்டங்கள் பூச்சியால் சாவதில்லை, இப்படித்தான் சாகின்றன. சந்தை நாள் ஒன்று இருந்தால் அதுவே தோட்டத்துக்கு நாள்காட்டி ஆகிவிடும்.

1. ஆட்களைச் சேருங்கள், ஆனால் எண்ணிச் சேருங்கள்

ஒரு கிரவுண்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குடும்பம் போதும். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வருவார்கள். மண்வெட்டி பிடிக்கும் நாளில் ஒன்பது பேர் மிஞ்சுவார்கள். அந்த ஒன்பது பேரைக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

யாருக்கு எந்த நேரம் ஒழியும் என்பதை எழுதி வாங்குங்கள். தண்ணீர் விட விடியற்காலையில் எழுபவர் இருவர், கணக்கு எழுதும் ஒருவர், கூச்சமில்லாமல் கூவி விற்கக்கூடிய ஒருவர். இந்தக் கடைசி ஆள் கிடைப்பதுதான் அரிது. எங்களுக்கு ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் அமைந்தார். சில்லறைக்கும் குரலுக்கும் அன்று முதல் பஞ்சமில்லை.

2. கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

தெருவில் வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிழமைகளில் அசைவம்? காய்கறி இப்போது எங்கே, எப்போது வாங்குகிறீர்கள்? வாரம் எத்தனை நாள் கீரை? நாற்பது வீட்டில் கேட்டால் போதும், படம் தெளிவாகிவிடும்.

எங்களுக்குக் கிடைத்த விடை சனிக்கிழமை காலை, ஆறரை முதல் ஒன்பது. சனிக்கிழமை பல வீடுகளில் சைவம். வேலைக்குப் போவோரும் அன்று வீட்டில் இருப்பார்கள். ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறிக் கீரை துவண்டுவிடும். உங்கள் தெருவுக்கு வேறு கிழமை அமையலாம். ஞாயிறுதான் முடியுமென்றால் கீரையைக் குறைத்துக்கொண்டு புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், தக்காளி, எலுமிச்சை என்று கறிக்குழம்புக்கும் பிரியாணிக்கும் போகிறவற்றைப் பெருக்குங்கள்.

கிழமை முடிவானதும் அடுத்து எடுக்க வேண்டியது பஞ்சாங்கம். சிரிக்காதீர்கள். புரட்டாசி முழுக்க அசைவம் தொடாத வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்த நான்கைந்து வாரமும் கீரையும் காயும் எவ்வளவு வைத்தாலும் போகும். ஆவணி பத்தாம் தேதிக்குள் விதைத்தால்தான் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குக் கீரை கைக்கு வரும். துவாதசிக்கு அகத்திக்கீரை கேட்டு வருவார்கள். அமாவாசைக்கு வாழைக்காயும் பூசணியும் கொத்தவரங்காயும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து. சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ ஒரு பாத்தி மஞ்சள் கிழங்கு ஊன்றிவிடுங்கள்; தை பிறக்கும்போது இலையும் கிழங்குமாகப் பிடுங்கி வைத்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எங்கள் தோட்டத்தில் ஒரு சதுர அடிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது அந்தப் பாத்திதான்.

3. இடமும் காகிதமும்

நான்கு வகை இடங்கள் கிடைக்கும்.

தனியார் காலி மனை. உரிமையாளர் வெளியூரில் இருப்பார். மனை குப்பைமேடாகிக் கிடக்கும். சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார். அவருடைய அச்சம் ஒன்றே ஒன்று: கேட்கும்போது காலி செய்வார்களா? ஆகவே பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுங்கள். கட்டடம் எழுப்ப மாட்டோம், மரம் வைக்க மாட்டோம், அவர் கேட்டால் இரண்டு மாதத்தில் காலி செய்வோம் என்று நீங்களே முன்வந்து சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் என்பது, நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ள ஆகும் காலம்.

அடுக்ககத்தின் பொது இடம். பொதுக்குழுத் தீர்மானம் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏறாமல் ஒரு செடிகூட நடாதீர்கள். சங்க நிர்வாகம் மாறினால் தோட்டமும் மாறிவிடும்.

திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம், பூங்கா. இவை உள்ளாட்சிக்கு உரியவை. மண்டல அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது பொது நிலம், வேலி போட்டு மறித்தால் புகார் வரும், வரத்தான் வேண்டும்.

மொட்டை மாடி. இங்கே எடையைக் கவனியுங்கள். ஆட்கள் நடமாடும் தட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமை தாங்கும் கணக்கில் வடிவமைப்பது இந்தியத் தர நிர்ணயம். நனைந்த தோட்ட மண்ணோ ஒரு கன அடி 50 கிலோ வரும். ஓரடி ஆழத்துக்கு மண் கொட்டினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டிவிடும். மாடியென்றால் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த இலேசான கலவைதான். பைகளையும் சுவர் ஓரமாக, உத்தரங்களுக்கு மேலே வரும்படி வையுங்கள். பழைய கட்டடமென்றால் பொறியாளரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. இப்போது என்ன மானியம் இருக்கிறது என்று உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சந்தை போடும் இடம்? என் கருத்து: தோட்டத்து வாசலுக்கு உள்ளேயே. சாலையோரம் போட்டால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழு, அனுமதி என்று தனிக்கதை ஓடும்; ஏற்கெனவே அங்கே பிழைப்பவர்களின் இடத்தையும் பிடித்தவர்களாவோம். வாசலில் விற்பது புதுமையுமில்லை. 1990களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியம் உடைந்து எரிபொருளும் உரமும் வருவது நின்றபோது, கியூபாவின் ஹவானா நகரத்தார் காலி மனைகளில் மேட்டுப்பாத்தி கட்டிப் பயிரிட்டார்கள். ஓர்கனோபோனிகோ என்று அந்தத் தோட்டங்களுக்குப் பெயர். காலையில் பறித்ததை அங்கேயே ஒரு சிறு கடையில் விற்றார்கள். லாரி இல்லை, கிடங்கு இல்லை.

நம்மூர் உழவர் சந்தையில் இடம் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயிகள் நேரடியாக விற்பதற்காக வந்தது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகளுக்கே அங்கே இடம். அது அவர்களுடையதாகவே இருக்கட்டும். நமக்கு அங்கிருந்து வேண்டியது வேறொன்று. விலை பற்றிப் பேசும்போது வருகிறேன்.

4. மண்ணையும் நீரையும் நம்பிவிடாதீர்கள்

நகரத்துக் காலி மனையில் ஓரடி தோண்டினால் செங்கல், கண்ணாடி, பாலித்தீன் பை, சில வேளை ஒரு செருப்பு. பரவாயில்லை, பொறுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது ஈயம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய புகையும் பழைய சுவர்ப் பூச்சும் சாலையோர மண்ணில் இன்னும் இருக்கலாம். பெரிய சாலையை ஒட்டிய மனை, பழைய பட்டறை இருந்த மனை என்றால் தனியார் ஆய்வகத்தில் ஈயத்துக்கும் சோதனை செய்யுங்கள். ஐயம் இருந்தால் அந்த ஓரத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம். வெண்டை, கத்தரி, கொடிக்காய் போன்ற காய்ப்பயிர் வையுங்கள். இலையிலும் வேரிலும் சேரும் அளவுக்குக் காயில் சேர்வதில்லை. அல்லது வெளியிலிருந்து மண் கொண்டுவந்து ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள் தெரிந்துவிடும்.

சென்னையில், அதுவும் கடலோரப் பக்கம், ஆழ்குழாய் நீரில் உப்பு அதிகம். பீன்ஸ் வகை தாங்காது; தண்டுக்கீரையும் பாலக்கும் ஓரளவு தாங்கும். நீரைச் சோதிக்காமல் பீன்ஸ் விதை வாங்கிய பெருமை எங்களுக்கு உண்டு.

இன்னொரு தவறு: முதல் ஆண்டு ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்து ஒரு டிராக்டர் சாணம் இறக்கினோம். பச்சைச் சாணம். கரையானும் களையும் போட்டிபோட்டுக்கொண்டு வந்தன. எரு என்றால் மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் பொடியாக உதிர வேண்டும், முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனை அடிக்க வேண்டும். சாண நாற்றம் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் குவித்துப் போட்டு மூடுங்கள்.

5. பாத்திக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பாத்தி பத்தடி நீளம், மூன்றடி அகலம். மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, மிதிக்க வேண்டிவரும். அப்படி ஒரு பாத்தியில் கீரை விதைத்தால் பிடுங்கும்போது மூன்று, நான்கு கிலோ. கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கட்டாகக் கட்டினால் பதினைந்திலிருந்து இருபது கட்டு.

சனிக்கிழமைதோறும் முப்பது கட்டு கீரை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது வாரம் இரண்டு பாத்தி. கீரை வளர நான்கு வாரம், பிடுங்கிய பாத்தியைக் கொத்தி எரு போட்டு ஆற விட ஒரு வாரம். ஆக ஐந்து வாரச் சுற்று. ஐந்து வாரத்துக்கு வாரம் இரண்டு வீதம் பத்துப் பாத்தி. நடைபாதை சேர்த்தும் ஐந்நூறு சதுர அடிக்குள் முடிந்துவிடும். மீதி இடம் காய்களுக்கு.

பத்துப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். புதியவர்களின் கை அதற்குத்தான் துடிக்கும். முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் இரண்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் விதைத்த தேதியை ஒரு தகட்டில் எழுதிக் குத்திவையுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் இரண்டு பாத்தி பிடுங்குவீர்கள், இரண்டு பாத்தி விதைப்பீர்கள். தோட்டம் எப்போதும் பாதி பச்சை, பாதி மண்ணாகத் தெரியும். பார்க்க வருகிறவர்கள், “என்ன, இன்னும் நடவில்லையா?” என்பார்கள்.

வெயில் நாளில் இந்தப் பத்துப் பாத்திக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் அளவில் தண்ணீர் பிடிக்கும். பூவாளி ஒன்று பத்து லிட்டர் என்றால் பதினைந்து நடை. சருகு மூடாக்குப் போட்டால் நான்கைந்து நடை மிச்சம்.

காய்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: எது சந்தை நாளுக்காகக் காத்திருக்கும், எது காத்திருக்காது? வெண்டை காத்திருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை விரல் நீளம் இருந்த காய் சனிக்கிழமை நுனி ஒடியாத நாராகிவிடும். ஆகவே வெண்டையைச் சந்தைக்கு நம்பாதீர்கள். வார நடுவில் உறுப்பினர் வீடுகளுக்குப் பங்கு போடுங்கள். கத்தரி இரண்டு மூன்று நாள் செடியிலேயே பொறுக்கும். சுரை, பூசணி, பரங்கி பொறுமைசாலிகள். சேனையும் மஞ்சளும் மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருக்கும். முருங்கை, ஒப்பந்தத்தில் மரத்துக்குத் தடை இல்லாத இடத்துக்கு மட்டும்.

தொடங்குவோருக்கான பட்டியல் இது: சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக், வெந்தயக்கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி, புதினா. இவற்றோடு நான்கு வரிசை கத்தரி, ஓரமாகப் பந்தல் போட்டுப் பீர்க்கும் பாகலும், மூலையில் இரண்டு கறிவேப்பிலைச் செடி. தக்காளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாரியில் வரும் தக்காளியோடு விலையில் மோத நம்மால் முடியாது.

6. விதைப்பும் பராமரிப்பும்

கீரை விதை மிகச் சிறியது. ஒரு பாத்திக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். பத்து மடங்கு மணலில் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இருமுறை தூவி, கையால் மேலாக வருடிவிடுங்கள். பூவாளியில்தான் தண்ணீர்; குழாயைத் திறந்துவிட்டால் விதை முழுக்க ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது விதைப்பில் எங்களுக்குப் பாத்தியில் பாதி முளைக்கவேயில்லை. கீரைக்கார அம்மா குனிந்து பார்த்து, எறும்புச் சாரையைக் காட்டினார். விதையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பாத்தி ஓரத்தில் ஒரு பிடி ரவை தூவச் சொன்னார். எறும்பு ரவைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து விதைக்கும் நாளில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ரவைப் பொட்டலம் வந்துவிடும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சென்னையிலும் பலிக்கும். கொடிக்காய்களுக்கு அது நல்ல காலம். கத்திரி வெயிலில் ஐம்பது விழுக்காடு நிழல்வலை இல்லாமல் கொத்தமல்லி வராது.

பூச்சிக்கு: வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, மாலையில். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. பஞ்சகவ்யம் பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி. ஆனால் கீரைக்கு அதை இலையில் தெளிக்காதீர்கள், மண்ணில் ஊற்றுங்கள். சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசல், நாளை ஒருவர் சமையலறைக்குப் போகும் இலையில் எதற்கு?

ஒவ்வொரு பாத்தியிலும் நன்றாக வந்த நாலு செடியைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். அடுத்த ஆண்டு விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

7. சந்தைக் காலை

அதிகாலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும். பனி ஈரத்தோடு பிடுங்கிய கீரை ஒன்பது மணி வரை நிற்கும். ஏழு மணிக்குப் பிடுங்கியது எட்டரைக்கே தலை சாய்க்கும். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரை மட்டும் நீரில் அலசுங்கள். இலையை முக்கி எடுத்தால் கட்டுக்குள் சூடேறி அழுகும். வாழைநாரை முந்தைய இரவே ஊறப் போட்டிருக்க வேண்டும். காய்ந்த நார் கட்டும்போது அறுந்துவிடும். கட்டியதை ஈரச் சாக்கின் மேல், வேர் உள்ளே இலை வெளியே இருக்கும்படி அடுக்குங்கள்.

இத்தனையும் கீரைக்கார அம்மா கற்றுக்கொடுத்தவை. அவர் ஏன் கற்றுக்கொடுத்தார்? முதல் சந்தையன்று அவர் கவலைப்பட்டார் என்றேனே, அந்தக் கதை இதுதான். நேரத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிய முதல் வாரம் எங்கள் முப்பது கட்டும் விற்றுத் தீர்ந்தது. அன்று அவருடைய கூடை நிறைந்தபடியே வீடு திரும்பியது. பொழுதுபோக்குக்குப் பயிர் செய்கிற நாங்கள், பிழைப்புக்கு விற்கிற ஒருவரின் காலையைப் பறித்திருந்தோம். இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. போட்டி இயல்புதானே என்றார் ஒருவர். இருபது ஆண்டுகளாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றவரோடு என்ன போட்டி என்றார் இன்னொருவர்.

முடிவில் இரண்டு விதி செய்துகொண்டோம். வாசலுக்குப் பக்கத்து முதல் இடம் அவருக்கு, கட்டணம் கிடையாது. அவர் கொண்டுவரும் அரைக்கீரை, முளைக்கீரை இரண்டையும் நாங்கள் பயிரிடுவதில்லை. உங்கள் தெருவிலும் தள்ளுவண்டிக்காரரோ கூடைக்காரரோ இருப்பார். சந்தை தொடங்கும் முன்பே அவரிடம் போய்ப் பேசுங்கள், நாங்கள் செய்ததுபோல் பிறகு பேசாதீர்கள். நீங்கள் இல்லாத ஆறு நாளும் தெருவுக்குச் சோறு போடுவது அவர் கூடைதான். உங்கள் தோட்டம் வாரம் ஒருமுறைதானே.

விலைக்கு வருகிறேன். அருகிலுள்ள உழவர் சந்தையில் காலையில் எழுதிவைக்கும் விலைப்பலகையைப் பாருங்கள். அங்கே மொத்த விலைக்குச் சற்று மேலே, சில்லறைக் கடைக்குச் சற்றுக் கீழே என்பதுதான் கணக்கு. அந்த விலையை ஒட்டியே வையுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் உங்களால் யாரோ ஒரு விவசாயியின் விலை இறங்கும். ‘நஞ்சில்லாதது’ என்பதற்காக இரு மடங்கு வைத்தால் இரண்டாவது வாரம் காரில் வருகிறவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். தெருவுக்கான சந்தையாக இருக்காது.

‘ஆர்கானிக்’ என்று பலகை எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் ஆய்ந்து உறுதி கூறும் பிஜிஎஸ் முறை ஒன்று இருக்கிறது. ஆர்வமிருந்தால் இரண்டாம் ஆண்டில் பாருங்கள். அதுவரை, என்ன தெளித்தோம், எப்போது தெளித்தோம் என்று ஒரு கரும்பலகையில் எழுதிவையுங்கள். வேலியைத் தாண்டிப் பாத்தி தெரிகிறது. அதைவிடப் பெரிய சான்று என்ன?

தராசு வைத்தால் அதில் எடையளவு முத்திரை இருக்க வேண்டும், காலக்கெடுவுக்குள் மறுபடி முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சமையலறைத் தராசைக் கொண்டுபோய் வைப்பது குற்றம். முதல் ஆண்டு தராசே வேண்டாம்: கீரை கட்டு, முள்ளங்கி பிடி, சுரைக்காய் ஒன்று, கத்தரிக்காய் கூறு. கூறு கட்டும்போது சொத்தையை அடியில் வைக்காதீர்கள். வாங்குபவர் அடுத்த வீட்டுக்காரர், மாலையில் படிக்கட்டில் எதிரே வருவார். ஊறுகாய், பொடி, தின்பண்டம் விற்க ஆசைப்பட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிய பிறகு.

கொசுறு. இதற்காகத்தான் அந்த இரண்டு கறிவேப்பிலைச் செடி. காய் வாங்கினால் இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையும் நாலு காம்பு கொத்தமல்லியும் வரும் என்பது நம் மக்களின் பிறப்புரிமை. முதலில் கறிவேப்பிலையை ஐந்து ரூபாய்க்கு விற்றுப் பார்த்தோம், முகங்கள் சுருங்கின. இலவசமாகக் கொடுத்தோம்; அடுத்த வாரமும் வந்தார்கள்.

8. பணம்

சண்டை வருவது இங்கேதான். க்யூஆர் அட்டையை ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைத்தால் மூன்றாவது மாதம் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிந்து, இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்குத் திறக்கலாம். அதுவரை ஒரு தகர டப்பா, ஒரு நோட்டுப் புத்தகம். சந்தை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள்.

வருமானத்தில் விதை, எரு, தண்ணீர்ச் செலவு போக மிச்சத்தை உழைத்த மணிக்கணக்குப்படி பிரிக்கிறோம். தண்ணீர் ஊற்றிய ஒரு மணியும் விற்ற ஒரு மணியும் சமம். பிரித்தால் ஆளுக்கு வருவது சொற்பம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு கிரவுண்டு தோட்டம் யாருக்கும் சம்பளம் கொடுக்காது. வீட்டுக் கீரைச் செலவு நிற்கும், தோட்டம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் எதிர்பார்த்து வந்த இரண்டு குடும்பங்கள் ஆறாவது மாதம் விலகிக்கொண்டன.

9. மழை

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சென்னைப் புறநகரில் தரைப்பாத்தி குளமாகிவிடும். ஓரடி உயர மேட்டுப்பாத்தி, இடையில் ஆழமான வாய்க்கால், அது வெளியேற ஒரு வழி. புரட்டாசி முடிவதற்குள் இந்த மண்வேலையை முடித்துவிட வேண்டும். அந்த மாதங்களில் கீரை விலை ஏறும், உங்களிடம் கீரை இருக்காது. மூங்கில் வளைத்துப் பாலித்தீன் போட்டு மூன்று பாத்தியை மட்டும் காப்பாற்றுங்கள். மழை வாரங்களில் சந்தையை நிறுத்த வேண்டாம்; பூசணி, சேனை, கறிவேப்பிலை என்று நாலு பொருளோடாவது வாசலைத் திறந்துவையுங்கள். ஒரு மாதம் மூடினால் வாங்கும் பழக்கம் விட்டுப்போகும்.

10. ஒன்பது மணிக்குப் பிறகு

விற்காமல் மிஞ்சியதைக் கூவிக் குறைத்து விற்காதீர்கள். அடுத்த வாரம் எல்லோரும் எட்டே முக்காலுக்குத்தான் வருவார்கள். பாதியை உழைத்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். மீதி எரு குழிக்கு: காய்ந்த சருகு மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு, அடுக்கடுக்காக. பக்கத்து வீடுகளின் காய்கறித் தோலையும் சந்தைக்கு வரும்போதே கொண்டுவரச் சொன்னோம். இப்போது வெறுங்கையோடு வருகிறவர்கள் குறைவு.

எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எது மிஞ்சியது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு பிடுங்கிய இரண்டு பாத்தியையும் அன்றே கொத்திப் போட்டு, போன வாரம் கொத்தி ஆறவிட்ட இரண்டில் மாலை வெயில் தாழ்ந்ததும் விதையுங்கள். இன்று எங்கள் நோட்டில் ஏறிய வரி: “பாலக் ஏழு மணிக்கே தீர்ந்தது, முள்ளங்கி எட்டுப் பிடி மிச்சம்.” ஆகவே இந்த வாரம் இரண்டிலும் பாலக். ரவைப் பொட்டலம் வந்துவிட்டது.